ஆப் வருவதற்கு முன் ஐந்து பேர்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தின் நான்காவது பொருள் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் விசிட்டர் பதிவு, மாத மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரிக் கணக்கு, பிளம்பர், எலெக்ட்ரீஷியன் புகார் என்று எல்லாவற்றையும் அடுத்த காலாண்டு முதல் ஒரே ஆப்பில் கொண்டுவரலாமா என்பது. ஓட்டு எடுப்பதற்கு முன் இருபது நிமிடம் பேச அனுமதி கேட்டேன். எதைப் பற்றி என்று செயலாளர் கேட்டார். கல்லூரி மாணவர்கள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி என்றேன். "விளையாட்டா சார்?" என்று ஒரு மாதிரி பார்த்தார். கேட்டு முடித்தபின் நான்காவது பொருளுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் புரியும் என்று நினைக்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே இருக்கும் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கு முன்னால் மனிதர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதைக் கவுன்டருக்கு உள்ளே இருந்து பல வருடம் பார்த்திருக்கிறேன். அதைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. மனித-கணினி ஊடாட்டம் என்று அதற்குப் பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இயந்திரத்தை மனிதனுக்கு ஏற்றாற்போல் செய்வது எப்படி?

ஏ.டி.எம். சொல்லும் பாடம்

நமக்குத் தெரிந்த இயந்திரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் ஏ.டி.எம். 1967 ஜூன் 27 அன்று லண்டனில் என்ஃபீல்டு என்ற இடத்தில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பாரன் பிறந்தது நம் நாட்டில், ஷில்லாங்கில். ரகசிய எண் ஆறு இலக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் யோசனை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து மனைவியிடம் இதைச் சொன்னபோது, தன்னால் நான்கு இலக்கம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். அதனால்தான் நான்கு இலக்கம் வந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு ஆளைக் கேட்டதன் பலனை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. சில ஏ.டி.எம்.களில் முதலில் பணம் வரும், பிறகு கார்டு வரும். மக்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அறிவிப்புப் பலகை வைத்தாலும் இது முழுவதும் நிற்காது. ஏன்? வந்தவர் பணத்துக்காக வந்தார். பணம் கைக்கு வந்ததும் வந்த வேலை முடிந்துவிட்டது என்று மனம் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற எதுவும் மறந்துபோகும். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. இதற்கு வைத்தியம் வரிசையை மாற்றுவது. கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று வைத்துவிட்டால் கார்டை யாரும் மறக்க முடியாது.

மனிதரைத் திருத்தப் பார்த்தால் நடக்காத காரியம், இயந்திரத்தின் வரிசையை மாற்றினால் நடக்கிறது. ஒருவருக்கு ஒன்றைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் அந்தப் பொருளின் மேல்தான் விழ வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி.

ஏன் விளையாட்டு, ஏன் மாணவர்கள்?

சரி, இதில் விளையாட்டு எங்கே வருகிறது? வங்கிப் படிவம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் நீங்கள் பூர்த்தி செய்தே ஆக வேண்டும். திட்டிக்கொண்டே செய்வீர்கள். விளையாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. புரியவில்லை என்றால் குழந்தை அடுத்த நிமிடமே எழுந்து போய்விடும். புதிதாக ஒரு கருவியைச் செய்து பார்ப்பவர்களுக்கு இதைவிட நேர்மையான தீர்ப்பு கிடைக்காது. அதோடு மாணவர்களிடம் நேரம் இருக்கிறது. தோற்றால் நஷ்டமும் இல்லை. அதனால் கம்ப்யூட்டரோடு மனிதர் பழகும் புதுப் புது வழிகள் பல, மாணவர்கள் பொழுதுபோக்காகச் செய்த விளையாட்டில் முதலில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டவை.

1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞரும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். பி.டி.பி-1 என்ற அந்தக் கம்ப்யூட்டரின் விலை அந்தக் காலத்திலேயே ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர். அதன் முகப்பில் இருந்த சுவிட்சுகளைத் தட்டித்தான் விளையாட வேண்டும். சிறிது நேரத்தில் முழங்கை வலிக்க ஆரம்பித்தது. உடனே நண்பர்கள் இருவர் கையில் பிடித்துக்கொள்ள வசதியாகத் தனிப் பெட்டிகளைச் செய்தார்கள். இன்று நம் பேரன் பேத்திகள் கையில் வைத்துக்கொண்டு விளையாடும் கன்ட்ரோலருக்கு அந்தப் பெட்டிதான் மூதாதை. 'முழங்கை வலிப்பது உன் பலவீனம், பழகிக்கொள்' என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன் என்பவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஒரு விளையாட்டைச் செய்தார். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு இணையத்தில் ஒரே படம் காட்டப்படும். மற்றவர் என்ன வார்த்தை எழுதுவார் என்று ஊகித்து இருவரும் எழுத வேண்டும். ஒரே வார்த்தை வந்துவிட்டால் புள்ளி. ஜனங்கள் ஜாலியாக விளையாடினார்கள். அந்தப் பக்கம் லட்சக்கணக்கான படங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 2006-இல் கூகுள் நிறுவனம் அதற்கு உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. நாம் இப்போது வேடிக்கையாக மொழி கற்கும் டுயோலிங்கோவும் பின்னாளில் அவர் சேர்ந்து ஆரம்பித்ததுதான். இந்தத் துறையின் மிகப் பெரிய வருடாந்திர மாநாடான 'கை', 2012-இல் ஆஸ்டின் நகரில் கூடியபோது மாணவர் விளையாட்டுகளுக்கென்றே போட்டி வைத்தார்கள். விளையாட்டை ஆராய்ச்சிக்காரர்கள் அவ்வளவு மதிக்கிறார்கள்.

ஐந்து மவுஸ், ஒரு கம்ப்யூட்டர்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 2005-இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. அங்கே உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டொயாமா ஆகியோர் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் எப்படிப் பயன்படுகிறது என்று போய்ப் பார்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நான்கைந்து பிள்ளைகள் இருப்பார்கள். மவுஸ் ஒருவர் கையில் மட்டும். பெரிய பையன், கெட்டிக்காரன், கொஞ்சம் அதட்டத் தெரிந்தவன் யாரோ அவன் கையில். மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வருகைப் பதிவேட்டில் ஐந்து பேருமே கம்ப்யூட்டர் படித்ததாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் சின்னக் குழந்தை 'நானும் வரேன்' என்று அழுதால் ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடும், குதிக்கும், சந்தோஷப்படும். ஆனால் அது தொட்டாலும் கணக்கு இல்லை, அதைத் தொட்டாலும் கணக்கு இல்லை. மவுஸ் கிடைக்காத நான்கு பிள்ளைகளின் நிலைமையும் அதேதான்.

ஆராய்ச்சியாளர்கள் செய்த காரியம் மிக எளிது. ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து மவுஸ்களைச் சொருகி, ஐந்தும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி மென்பொருள் எழுதினார்கள். திரையில் ஆளுக்கொரு நிறத்தில் அம்புக்குறி. ஐந்து கம்ப்யூட்டர் வாங்கப் பணம் இல்லாத பள்ளியிலும் ஐந்து மவுஸ் வாங்கலாம் அல்லவா?

இதை 238 கிராமப்புறப் பிள்ளைகளிடம் ஆங்கில வார்த்தைகளைக் கற்கும் விளையாட்டாக வைத்துச் சோதித்து, 2007-இல் நான் சொன்ன அதே 'கை' மாநாட்டில் அறிக்கை கொடுத்தார்கள். தனி ஆளாக ஒரு கம்ப்யூட்டர் கிடைத்த பிள்ளை கற்ற அளவுக்கு, ஒரு கம்ப்யூட்டரில் ஐந்து மவுஸோடு உட்கார்ந்த பிள்ளைகளும் கற்றிருந்தார்கள்.

அந்த அறிக்கையில் என்னை யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். ஐந்து மவுஸ் விளையாட்டையே இரண்டு விதமாகச் செய்திருந்தார்கள். ஒன்றில் பந்தயம்: யார் முதலில் சரியான படத்தை அழுத்தினாலும் திரை அடுத்த கேள்விக்கு ஓடிவிடும். இன்னொன்றில் ஐந்து பேரும் சரியான விடையை அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும். அப்போது தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டர், பாடம், பிள்ளைகள் எல்லாம் ஒன்றுதான். மாறியது ஒரு சின்ன விதி. ஆனால் பிள்ளைகள் நடந்துகொண்ட விதமும் கற்ற அளவும் வெகுவாக மாறிவிட்டன. பெண் பிள்ளைகள் எந்த முறையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கற்றார்கள். பையன்கள் கற்றது முறைக்கு முறை மாறியது.

தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'முதலில் அழுத்துகிறவரோடு ஓடு' என்ற விதியும் 'எல்லோரும் வந்தபின் நகரு' என்ற விதியும் வெவ்வேறு பள்ளிக்கூடங்களை உண்டாக்குகின்றன. வெவ்வேறு அபார்ட்மென்ட்களையும் உண்டாக்கும்.

கிராமத்து ஆட்டம் இருபத்தெட்டு

அடுத்த உதாரணம், மேத்யூ காம் என்ற ஆராய்ச்சி மாணவர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, இந்தியக் கிராமத்துப் பிள்ளைகள் செல்போனில் விளையாடி ஆங்கிலம் கற்கும்படி 'மில்லி' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அவரும் கூட இருந்த மாணவர்களும் விளையாட்டுகளைச் செய்து வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் மூன்று இடங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் விஷயங்கள் அங்கே பலருக்குப் புரியவில்லை.

அவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு வைக்கவில்லை. 'நீங்கள் தெருவில் என்ன விளையாடுவீர்கள், சொல்லுங்கள்' என்று அவர்களிடமே போய்க் கேட்டார்கள். இருபத்தெட்டு ஆட்டங்களை எழுதிக்கொண்டார்கள். எப்படி ஆரம்பிக்கிறது, யார் யாரைத் துரத்துகிறார், எப்போது முடிகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கடையில் கிடைக்கும் வீடியோ கேம்களோடு ஒப்பிட்டார்கள். அந்த அறிவை வைத்துப் புதிதாக ஒரு விளையாட்டைச் செய்தபோது, பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். 2009-இல் இதையும் அறிக்கையாக வெளியிட்டார்கள்.

நம் பகுதியில் யாராவது வந்து இப்படிக் கேட்டால் எவ்வளவு கிடைக்கும்! தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், நொண்டி, கோலி, பம்பரம். எல்லாவற்றுக்கும் மேலே கேரம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எத்தனை தெரு முனைகளில் பல்பைத் தொங்கவிட்டு கேரம் போர்டைச் சுற்றி நின்றிருக்கிறார்கள்! கேரம் போர்டை ஒரு இயந்திரமாக நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி. எட்டிப் பார்க்கிறவனுக்கும் எல்லாம் தெரியும். இப்போது யார் முறை என்று கேட்கவே வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. புதியவன் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், ஆட்டம் பிடிபட்டுவிடும். இவ்வளவு நல்ல ஏற்பாடு நம் தெருவிலேயே இருக்கும்போது, வாசல் கேட்டுக்கு வரும் புது ஏற்பாட்டிலும் இந்தக் குணங்களில் இரண்டாவது இருக்கிறதா என்று கேட்பது தப்பில்லையே?

நம் சென்னையிலேயே

நம் ஊர் உதாரணமும் ஒன்று உண்டு. மூளை முடக்குவாதம் போன்ற காரணங்களால் பேச்சு வராத பிள்ளைகளுக்காக, 'அவாஸ்' என்ற கருவி சென்னையில் உருவானது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணனும் அவருடைய இன்வென்ஷன் லேப்ஸ் நிறுவனமும், கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யா சாகர் அமைப்போடு சேர்ந்து அதைச் செய்தார்கள். பிள்ளை திரையில் படத்தைத் தொட்டால் கருவி அதன் சார்பில் பேசும். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்று அந்தப் பிள்ளையும் சொல்லலாம். 2011-இல் எம்.ஐ.டி.யின் தொழில்நுட்பப் பத்திரிகை வெளியிட்ட உலக இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அஜித் நாராயணன் பெயர் இடம்பெற்றது.

நான் இதில் கவனித்தது அந்தக் கூட்டணியை. பொறியாளர் ஒரு பக்கம், அந்தப் பிள்ளைகளோடு தினமும் இருப்பவர்கள் மறுபக்கம். கையை நிதானமாக நீட்ட முடியாத பிள்ளைக்குப் பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

இனி நம் கேட்

இப்போது நான்காவது பொருள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆப் வேண்டும் என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. மாதம் பிறந்தால் பொருளாளர் அம்மா ராத்திரி பதினொரு மணி வரை ரசீது எழுதுகிறார். எந்த லாரி எப்போது வந்தது என்று மாதா மாதம் சண்டை வருகிறது. இவையெல்லாம் தீர வேண்டும். சம்பளம் இல்லாமல் சங்கத்துக்கு உழைப்பவர்களின் பாரம் குறைய வேண்டும்.

ஆனால் அந்த ஆப்பின் முன்னால் யார் யார் நிற்கப் போகிறார்கள் என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். பகல் வாட்ச்மேன் வடக்கே இருந்து வந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. காசிமேட்டிலிருந்து வேலைக்கு வரும் பெண்களில் சிலரிடம் பட்டன் போன்தான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களில் சிலருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் அம்மாக்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று போன் ஒலிக்கும். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மருந்து கொண்டுவந்த பையன் திரும்பிப் போய்விடுவான்.

"பழகிக்கொள்வார்கள் சார்" என்று தம்பிமார்கள் சொல்கிறார்கள். பழகுவார்கள்தான். ஆனால் பழகாத இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை வங்கியில் பார்த்திருக்கிறேன். பென்ஷன் தேதி அன்று ஏ.டி.எம். வாசலில் வயதானவர்கள் கார்டை முன்பின் தெரியாத ஒருவரிடம் நீட்டி, ரகசிய எண்ணைச் சத்தமாகவே சொல்வார்கள். அது அலட்சியம் இல்லை. பின்னால் நிற்கும் வரிசைக்குப் பயந்து, 'தெரியவில்லை' என்ற வெட்கத்தை மறைக்கச் செய்வது. நம் ஆப்பில் பணம் கட்டும் வசதியும் வருகிறது. புரியாத திரையின் முன்னால் நிற்கும் ஒரு அம்மா, பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது போனைக் கொடுத்து 'நீயே போட்டுடுப்பா' என்பார். வந்த ஓ.டி.பி.யையும் வாசித்துக் காட்டுவார். அதனால் எந்தத் திரையில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பணமும் பாதுகாப்பும் அதில்தான் இருக்கின்றன.

பெங்களூர் கதையில் சொன்ன டொயாமா, பிற்காலத்தில் ஒரு கருத்தை வலியுறுத்தி எழுதினார். தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் மனித எண்ணத்தையும் திறமையையும் பெருக்கிக் காட்டும், இல்லாததை உண்டாக்காது. ஒலிபெருக்கி மாதிரிதான். நன்றாகப் பாடுகிறவர் குரலும் பத்துத் தெருவுக்குக் கேட்கும், அபஸ்வரமும் பத்துத் தெருவுக்குக் கேட்கும். ஒருவரை ஒருவர் கேட்டு நடக்கும் சங்கம் ஆப்பால் இன்னும் நன்றாக நடக்கும். சிலர் மட்டும் முடிவெடுக்கும் சங்கம் என்றால் ஆப் வந்தபின் மற்றவர்கள் ஒப்புக்குச் சப்பாணிதான்.

என் கோரிக்கை

அதனால் நான் கேட்பது மூன்று.

முதலாவது, ஐந்து பேரை வைத்து ஒரு பரிசோதனை. ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-இல் எழுதினார்: ஒரு திரையில் இருக்கும் கோளாறுகளில் சுமார் 85 சதவீதம், ஐந்து பேர் பயன்படுத்துவதைக் கவனித்தாலே தெரிந்துவிடும் என்று. அது சராசரிக் கணக்கு, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் யாரையும் கவனிக்காமல் இருப்பதைவிட ஐந்து பேரைக் கவனிப்பது எவ்வளவோ மேல். அந்த ஐந்து பேரில் ஒருவர் வாட்ச்மேன், ஒருவர் வீட்டு வேலைக்கு வரும் பெண், இருவர் எழுபது வயதைத் தாண்டியவர்கள், ஒருவர் தினமும் ஆபீஸ் போய் வரும் இளைஞர் என்று இருக்கட்டும்.

இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆப்பை வாங்கக்கூட வேண்டாம். கம்பெனிக்காரர் காட்டிய திரைகளை வெள்ளைத்தாளில் பெரிதாக வரைந்து, 'பட்டனை' விரலால் தொடச் சொல்லுங்கள். தொட்டதும் அடுத்த தாளை எடுத்து வையுங்கள். இது நானாகச் சொல்வதில்லை, உலகம் முழுவதும் ஆராய்ச்சி மாணவர்கள் செய்யும் முறை. பாம் பைலட் என்ற கையடக்கக் கம்ப்யூட்டரைச் செய்த ஜெஃப் ஹாக்கின்ஸ், அதைச் செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். கூட்டத்தில் யாராவது தேதி கேட்டால் மரக்கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பாராம். கட்டையிலேயே கோளாறு தெரிந்துவிட்டால் கருவியில் அது வராது.

இந்தப் பரிசோதனையை நம் பிள்ளைகள் செய்யட்டும். நம் குடியிருப்பில் இன்ஜினியரிங் படிப்பவர்கள், ப்ளஸ் டூ படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அவர்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும். முதலாவது, சொல்லிக் கொடுக்கக் கூடாது. விரல் எங்கே நிற்கிறது, முகம் எங்கே சுருங்குகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, 'ரொம்ப ஈஸி பாட்டி' என்ற வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது. ஈஸி என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் பாட்டி சந்தேகமே கேட்க மாட்டார்.

இரண்டாவது கோரிக்கை, ஒரு காலாண்டுக்கு நோட்டும் ஆப்பும் சேர்ந்தே ஓடட்டும். வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது லெட்ஜரை மறுநாளே தூக்கிப் போடவில்லை. கையால் எழுதிய லெட்ஜரும் கம்ப்யூட்டரும் சில காலம் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. மாலையில் இரண்டின் மொத்தமும் டேலி ஆன பிறகுதான் வீட்டுக்குப் போவோம். அப்போது அது இரட்டை வேலையாகத் தோன்றியது. ஆனால் அந்த இரட்டை வேலையால்தான் கம்ப்யூட்டர் கணக்கின் மேல் எங்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நம்பிக்கை வந்தது. நம் வாசல் நோட்டுக்கும் மெயின்டனன்ஸ் ரசீதுக்கும் அதே மரியாதையைக் கொடுப்போம். மூன்று மாதம் டேலி ஆனால் நோட்டை மூடிவிடலாம், நானே முதல் ஆளாகக் கை தூக்குகிறேன்.

மூன்றாவது, கம்பெனிக்காரரிடம் பேசும்போது விலையோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். திரை முழுவதும் தமிழிலும் வாட்ச்மேனுக்குத் தெரிந்த மொழியிலும் வருமா? பட்டன் போன் வைத்திருப்பவருக்கு வெறும் போன் கால் மூலம் அனுமதி கேட்கும் வசதி உண்டா? பதில் சொல்லும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாமா? இல்லை என்றால் நம் பரிசோதனைத் தாள்களை அவரிடமே காட்டி, மாற்றித் தரச் சொல்வோம். மாற்றித் தர மறுத்தால் வேறு கம்பெனியைப் பார்ப்போம். காசு கொடுக்கிறவர்கள் நாம்தானே.

ஐந்து மவுஸ் விளையாட்டில் இரண்டு விதிகளைச் சொன்னேன். நம் 48 வீடுகளுக்கும் இரண்டாவது விதிதான் சரி என்பது என் கருத்து. வேகமானவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுமைக்கு அதிகபட்ச விலை ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மாத நோட்டும்தான்.

ஆகவே நான்காவது பொருளை இன்று ஓட்டுக்கு விடாமல், பரிசோதனை முடிந்தபின் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன். தாளும் ஸ்கெட்ச் பேனாவும் நான் வாங்கித் தருகிறேன். தாள் வரைந்து தரச் சம்மதிக்கும் பிள்ளைகளும், பரிசோதனைக்கு உட்காரச் சம்மதிக்கும் பெரியவர்களும் போகும்போது செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். யாராவது வழிமொழிந்தால் நன்றாக இருக்கும்.